தீர்த்த ஓட்டமும் ஒரு செம்பு காப்பியும்

தாது வருஷம், மாசி 20, புதன் (1937)

வெயில் இப்போதே பல்லைக் காட்டுகிறது. காலையில் காப்பிக்கொட்டை வறுத்தேன். அப்பா அஸ்தம்பட்டியிலிருந்து ஆள் வசம் கொடுத்தனுப்பியது, ஏற்காட்டுக் கொட்டை. புகை வாசலைத் தாண்டுவதற்குள் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டுத்தறிக்குப் போய்விட்டார். சாணி நாற்றம் தேவலையாம். எனக்கு மாமியாராகி மூன்று வருஷம். இன்னும் அந்த வாசனை பிடிபடவில்லை அவருக்கு.

மதியம் செவலைக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட்டம். இவர் அப்போதுதான் காப்பி குடித்து டம்ளரைக் கவிழ்த்தார். ஊருக்கு வெளியே கரட்டுக் குன்று வரைக்கும் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். காளைக்கு வாயில் நுரை. இவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. போன மாதமும் இதே காளை, இதே கரடு. அன்று தூள் தீர்ந்து வீட்டில் காப்பி இல்லை. திரும்பி வந்து வாசலில் மல்லாந்து கிடந்தார், விசிறினேன்.

காப்பியா? இல்லை, காளைக்குத்தான் வயதாகிவிட்டதா? தெரிந்துகொள்ள வேண்டும்.

பங்குனி மாரியம்மன் நோம்பி கிட்டத்தில் வந்துவிட்டது. இந்த வருஷமும் கீழத்தெருத் தீர்த்தக்குடம் இவருக்குத்தான். மோகனூர் ஆற்றிலிருந்து ஊர் மாரியம்மன் கோயில் வரை ஒன்பது மைல், வெறுங்கால், ஈர வேட்டி, தோளில் குடம். மேலத்தெருவுக்குப் பொன்னுசாமி அண்ணன். எந்தக் குடம் முதலில் வந்து அம்மனுக்கு ஊற்றப்படுகிறதோ அந்தத் தெருவுக்கு முதல் மரியாதை. ஓடினவன் பெண்டாட்டிக்குக் குடத்தின் அடித் தண்ணீர் ஒரு கை. பிள்ளை வரம் அது. இரண்டு வருஷமாக இவர்தான் முதல். இரண்டு வருஷமாக நானும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பொன்னுசாமி அண்ணன் பெண்டாட்டி அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்க்காமலே மூன்று பெற்றுவிட்டாள்.

அத்தை இன்று: "தீர்த்தம் என்னம்மிணி பண்ணும்? வகுத்துக்குள்ள காப்பித் தீ எரிஞ்சுக்கிட்டுக் கெடக்குது. அதக் குடிக்கிற ஒடம்புல வலு நிக்குமா? அவனையும் பழக்கி உட்டுட்ட."

சுருக்கென்று வந்தது. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மாசி 22, வெள்ளி

இவரிடம் சொன்னேன். காப்பி குடித்து ஒரு நாள், குடிக்காமல் ஒரு நாள் ஓடிப் பார்க்கலாம் என்று. எப்படியும் நோம்பிக்காகக் காலையில் ஓடிப் பழகத்தான் போகிறார்.

"நானென்ன பந்தய மாடா?"

"பந்தய மாடுன்னா பருத்திக்கொட்டை வெப்பனுங்க. உங்களுக்குக் காப்பிதான்."

சிரித்தார். ஒப்புக்கொண்டார். எதற்கும் ஒப்புக்கொள்கிறவர். அதுவே ஒரு தொல்லை.

ஏற்பாடு:

ஒரு நாள் காப்பி, மறுநாள் நீராகாரம், மாற்றி மாற்றி.
காப்பி கட்டியாக. கருப்பட்டி. எருமைப்பால் கொஞ்சம்.
கிணற்றுமேட்டில் புறப்பட்டு, வேலிக்கு நடுவே இட்டேரிப் பாதை வழியே போய், கரட்டை இரண்டு சுற்று சுற்றி, கிணற்றுமேட்டுக்கே திரும்புவது.
வேகமாக ஓடுங்கள் என்று நான் கத்தக்கூடாது. (இன்றே கத்திவிட்டேன்.)

நேரம் எப்படிப் பார்ப்பது? ஊரில் கடிகாரம் இரண்டு. ஒன்று கர்ணம் வீட்டில். இன்னொன்று ஓடாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். பண்ணையாள் கருப்பண்ணன் விடிந்ததும் எங்கள் கிணற்றில் எருது பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பார். அதே இரண்டு எருது, அதே சரிவு. தோல் சால் இறங்கும், ரொம்பி ஏறும், வாய்க்காலில் ஊற்றும், மறுபடி இறங்கும். ஒரே சீர். சாலுக்கு ஒரு புளியங்கொட்டை என்று மடியில் போட்டுக்கொண்டே வந்தால், இவர் போய்த் திரும்புவதற்குள் எத்தனை சால் என்று தெரியும். சால் குறைந்தால் ஓட்டம் வேகம்.

எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

இன்று காப்பி. செம்பில் எடுத்துப்போய்க் கிணற்றுமேட்டிலேயே கொடுத்தேன். குடித்து, உட்கார்ந்து வேப்பங்குச்சி ஒன்று மென்று முடித்துவிட்டுப் புறப்பட்டார். கருப்பண்ணனுக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. "எதுக்குங் சாமி அவரு சும்மா ஓடறாரு? மாடு ஏதாச்சும் தப்பிப்போச்சுங்களா?" என்றார்.

மாசி 25, திங்கள்

காற்றே இல்லை. வெங்காயப் பட்டறைக்கு ஓலை வேய வேண்டும். உப்பு, சீரகம், விளக்குத் திரி வாங்க வேண்டும்.

என் புளியங்கொட்டைகள் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. காப்பி குடித்த இரண்டு நாளும் சால் அதிகம். நீராகாரம் குடித்த இரண்டு நாளும் சால் குறைவு. ஒன்று இரண்டு அல்ல, நாலைந்து. அப்படியானால் காப்பி இவரை மந்தமாக்குகிறதா? கண்ணுக்கு அப்படித் தெரியவில்லையே. காப்பி நாளில் கரட்டை விட்டு இறங்கி வருகிறபோது முகம் தெளிவாக இருக்கிறது, பேசிக்கொண்டே வருகிறார். நீராகார நாளில் பேச்சே இல்லை, எச்சில் துப்பிக்கொண்டு வருகிறார்.

அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "உன்ற கொட்டையே சொல்லிப்போடுச்சா?" என்று ஒரே சந்தோஷம். இரவு எனக்கு ஒரு கரண்டி நெய் கூட ஊற்றினார்.

கண் கண்டது ஒன்று, கொட்டை சொல்வது ஒன்று. எதை நம்புவது? நம்பாமல் இன்னும் நாலு நாள் பார்க்கலாம்.

மாசி 27, புதன்

தலைவலி. எனக்கு, இவருக்கு, இரண்டு பேருக்கும். இவர் குடிக்காத நாளில் நானும் குடிப்பதில்லை, அவர் எதிரில் குடிப்பது அழகல்ல என்று. உச்சிப்பொழுதுக்கு மேல் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கிறது. சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டேன். கேட்கவில்லை. மாலையில் தாங்காமல் அரை டம்ளர் குடித்தேன். பற்று காய்ந்து உதிர்வதற்குள் வலி போய்விட்டது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மத்தியானம் துணி துவைத்துக்கொண்டே யோசித்தேன். இவர் மூன்று வருஷமாகக் காப்பி பழகினவர். காப்பி இல்லாத நாளில் தலைவலியோடு ஓடுகிறார். அப்படியானால் நாளைக்கே காப்பியில் வேகம் என்று தெரிந்தாலும், காப்பி தூக்கிவிட்டது என்று அர்த்தமா, அல்லது காப்பி இல்லாமல் விழுந்தவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது என்று அர்த்தமா? இரண்டும் ஒன்றல்ல. காப்பியே அறியாத ஒருவர் குடித்துவிட்டு ஓடினால்தான் சரியாகத் தெரியும். அப்படி ஆளுக்கா பஞ்சம்? ஊரில் எங்கள் வீடு தவிர எல்லாரும் அப்படித்தான். ஆனால் யாரைப் போய்க் கேட்பது, என் காப்பியைக் குடித்துவிட்டுக் கரட்டைச் சுற்றுங்கள் என்று? பைத்தியம் முற்றிவிட்டது என்பார்கள்.

ஒரு வேட்டி கிழிந்துவிட்டது, யோசனையில் அடித்ததில்.

மாசி 29, வெள்ளி

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. நடந்தது இது.

காலையில் அத்தை கருப்பண்ணனைப் புகழ்ந்துகொண்டிருந்தார். "என்னமோப்பா, ஒரு நா உட்டு ஒரு நா பேயாட்டக் கவலை ஓட்டறான். நேத்து வெங்காயப் பாத்தி அத்தனையும் பொழுது கெளம்பறதுக்குள்ள ரொம்பி வழியுது. முந்தாநேத்து பாதிகூட நனையலை."

ஒரு நாள் விட்டு ஒரு நாள். கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"கருப்பண்ணா, செம்புல மிச்சமிருக்கிற காப்பிய என்ன பண்றீங்க?"

தலையைச் சொறிந்தார். "வீணாப் போகுதேன்னுட்டுக் குடிச்சுப்போடறனுங் சாமி. தப்புங்களா? குடிச்சாக்கா கை கால் சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. எருத்தையும் முடுக்கி உட்டர்றனுங்க."

இவர் காப்பி குடிக்கிற நாளிலெல்லாம் என் கடிகாரமும் காப்பி குடித்திருக்கிறது. இவர் வேகமாக ஓட, சால் அதைவிட வேகமாக ஏறி இறங்க, நான் உட்கார்ந்து கொட்டை எண்ணிக்கொண்டு இவரை மந்தம் என்று எழுதியிருக்கிறேன். இவரிடம் சொன்னபோது புரைக்கேறிவிட்டது. தலையில் தட்டினேன்.

எண்ணினதெல்லாம் குப்பை. ஆனால் ஒன்று கிடைத்தது. காப்பியே தெரியாத ஒரு மனிதர் காப்பி குடித்து வேலையில் வேகமானார். நான் தேடின ஆள் கிணற்றுமேட்டிலேயே இருந்திருக்கிறார். ஓடினாரா என்றால் இல்லை, ஆனால் எருது ஓடியது.

இனி என்ன செய்வது? கருப்பண்ணனுக்குத் தினமும் ஒரே அளவு கொடுத்துவிடலாம். கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுப்பதுபோல. அவருக்கு மகிழ்ச்சி. தூள்தான் சீக்கிரம் தீரும்.

பங்குனி 5, வியாழன்

இன்று வரை பார்த்ததில், கடிகாரத்தை ஒழுங்கு செய்த பிறகு, காப்பி நாளில் இரண்டு மூன்று சால் குறைகிறது. ஒரு நீராகார நாள் மட்டும் கணக்கு உதைத்தது. விசாரித்தால் அன்று இட்டேரியில் நாய் துரத்தியிருக்கிறது. அதைச் சேர்ப்பதா, தள்ளுவதா? தள்ளினால் எனக்குச் சாதகம். அதனால் தள்ள மனம் வரவில்லை. சேர்த்தேன்.

இவர் சொன்னது: "வேகம்னு சொல்ல மாட்டேன். கால் நோவு பொறவுதான் தெரியுது. ரெண்டாஞ் சுத்துல 'போதும்'னு ஒண்ணு உள்ளுக்குள்ள சொல்லுமல்ல, அது வாயத் தொறக்க நேரமாகுது."

இது எனக்குப் புதிது. வலுவைக் கொடுக்கவில்லை, வலியைத் தள்ளி வைக்கிறது. அப்படித்தான் இருக்குமோ?

இன்னொன்று. காப்பி நாளில் ஓடுவதற்கு முன் வேலியோரம் ஒதுங்காமல் இருப்பதில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

பங்குனி 6, வெள்ளி

நோம்பிக்குக் கோயில் முன் கம்பம் நட்டார்கள். இன்று முதல் ஓடுகிறவர்களுக்கு விரதம், ஒரு வேளைச் சோறு. எனக்குத் திக்கென்றது. விரதத்தில் காப்பி உண்டா?

கோயில் வாசலில் இதே கேள்வி எழுந்துவிட்டது. எழுப்பினவர் மேலத்தெருக்காரர் ஒருவர். இவர் காப்பி குடித்து ஓடிப் பழகுவது அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. பெண்கள் பக்கம் நின்று கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"காப்பி சோத்துல சேத்தியா, தண்ணியில சேத்தியாங்க?"

"கடிச்சுத் திங்கறதில்லீங்களே. தண்ணிதானுங்க."

"கள்ளுங்கூடத்தான் கடிச்சுத் திங்கறதில்லை."

ஒரே சிரிப்பு. பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. "அது எந்த மரத்துக் கொட்டை?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

"செடிங்க. மலைமேல வெளையுது. வெள்ளைப் பூ. மல்லியப்பூவாட்ட மணக்குமுங்க."

பூசாரி கொஞ்ச நேரம் தாடியை நீவினார். "மணக்கற பூவுல காச்ச கொட்டைன்னா அம்மனுக்கு ஆகும். குடிக்கட்டும்."

இப்படி ஒரு தீர்ப்பு எனக்குத் தோன்றியே இருக்காது. உடனே மேலத்தெருவில் சத்தம். "அப்படீன்னா எங்காளுக்கும் அதே காப்பி வேணும். அதே சட்டியில காச்சி, அதே கையால குடுக்கோணும்." நியாயம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆக, ஓடுகிற அன்று மோகனூர் ஆற்றங்கரையில் இரண்டு பேருக்கும் காப்பி போட வேண்டியது நான். பொன்னுசாமி அண்ணன் ஓரமாக நின்று, "கசக்குமுங்களா?" என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுக் குடித்ததில்லையாம்.

பழகாத ஆள்! ஓடுகிற ஆள்! உள்ளுக்குள் குதித்தேன். பிறகுதான் உறைத்தது, அவர் யாருக்கு எதிராக ஓடுகிறார் என்பது.

பங்குனி 7, சனி

புழுக்கம். எருமை பால் குறைத்துவிட்டது. குத்தின கம்பில் கல்.

அத்தை அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "பொன்னுசாமிக்குப் புளியங்கொட்டைய வறுத்துப் பொடிச்சுக் கலக்கிக் குடுத்துரு. நெறம் ஒண்ணாத்தான் இருக்கும். அவனுக்கென்ன தெரியப்போகுது?"

"அம்மனுக்கு ஓடறவருக்கா? நான் மாட்டேனுங்க அத்தை."

"மாட்டயா? அப்பக் கேட்டுக்க. இந்த வருசம் எம்பையன் பின்னால வந்தா, இந்தச் சட்டி இந்த ஊட்டுல இருக்காது. ஊரு முன்னால சொல்லிப்போடுவேன், அவன்ற வலுவ உறிஞ்சுனது இந்தக் காப்பிதான், உன்ற வகுத்த அடைச்சதும் இதுதான்னு. பொறவு அவனுக்கு வேற எடத்துல பாக்கோணும்னாலும் பாக்கத்தான் வேணும். வம்சம் வேணுமல்ல?"

வேறு இடத்தில் பார்ப்பது. இன்னொரு பெண். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், உப்பு வாங்க வேண்டும் என்பதுபோல. கெட்டவர் இல்லை அத்தை. அதுதான் பயமாக இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று இரவு தூங்காமல் இருந்தவர். அவர் ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இவர் எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா? சாப்பிடும்போது அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புளியங்கொட்டை விஷயத்தை மட்டும் சொன்னேன். "செஞ்சுபோடாதே," என்றார். பிறகு ரசம் ஊற்றும்போது ஒரு கேள்வி. "பழகாதவன் குடிச்சா பழகினவனவிட எச்சா ஏறும்னு சொன்னயே, அது நெசந்தானா?"

"கருப்பண்ணனைப் பாத்தா அப்படித்தான் தெரியுதுங்க. ஒருத்தர் குடிச்சு, ஒருத்தர் குடிக்காம ஓடுனாத்தான் நல்லாத் தெரியும். ரெண்டு பேரும் குடிச்சா என்னத்தத் தெரியறது?"

ம் என்றார். மோர் கேட்டார்.

பங்குனி 10, செவ்வாய்

கை சோர்ந்து கிடக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கோழி கூப்பிட வண்டி கட்டி மோகனூர் போனோம். காவேரியில் இரண்டு சிறு கால்வாய் அளவுக்குத் தண்ணீர், மீதி எல்லாம் மணல். மேட்டூரில் அணை கட்டினதிலிருந்து கோடையில் இப்படித்தானாம். மூன்று கல் கூட்டி அடுப்பு. பனஞ்சுள்ளி ஈரம், ஒரே புகை. ஒரே சட்டியில் டிகாக்ஷன், ஒரே பால், ஒரே கருப்பட்டி. இரண்டு தெருப் பெண்களும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே அளவு, இரண்டு டம்ளர். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருவரும் முழுகி எழுந்து ஈரத்தோடு வந்தார்கள். பொன்னுசாமி அண்ணன் மருந்து குடிப்பவர்போல மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். "கசக்கலீங்க!" என்று ஆச்சரியம் வேறு. இவர் டம்ளரை வாங்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனார். எனக்குக் கண்ணில் புகை. அடுப்பை அணைத்தேன்.

குடம் மொண்டு வாயைத் துணியால் கட்டினார்கள். பறை அடித்தது. ஓடிவிட்டார்கள். நாங்கள் வண்டியில் பின்னால்.

எதிரே வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தோம். முதலில் புல்லுக்கட்டுக்காரி: "செவப்புத் துண்டு கட்டுனவருதானுங்க முன்னால." அது இவர். அத்தை கும்பிட்டார். பிறகு ஒரு பண்டாரம்: "ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டுப் போகுதுங்க." பாதி வழியில் பதநீர் குடிக்க நிறுத்தினோம். யாருக்கும் இறங்கவில்லை. அங்கே இருந்த மரமேறி சொன்னார்: "ஒல்லியா ஒருத்தர் போனாருங்களே, என்னமோ பேசிக்கிட்டே ஓடறாரு. குடமே தெரியலீங்க அவருக்கு. செவப்புத் துண்டு அப்பறந்தான் வந்துது."

அத்தை கும்பிட்ட கையை மடியில் இறக்கிவிட்டார். இந்த நேரத்திலும் ஒரு மூலையில் என் மனம் 'ஏறியிருக்கிறது, பழகாத உடம்பில் ஏறியிருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வெட்கம் கெட்ட மனம்.

ஊர் வந்து சேர்ந்தபோது மேலத்தெருக் குடத்தை ஊற்றியாகிவிட்டது. பொன்னுசாமி அண்ணன் உட்கார மாட்டேன் என்கிறார். ஒவ்வொரு மைல்கல்லையும் ஒவ்வொருவரிடமும் விவரிக்கிறார், கை நடுங்க நடுங்க. இரண்டு வருஷமாக இவர் முதுகையே பார்த்து ஓடினவர். இவர் கோயில் சுவரில் சாய்ந்து கால் நீட்டிக் கிடந்தார். முகம் வெளுத்து, மார்பு ஏறி இறங்கிக்கொண்டு.

அத்தை வண்டியை விட்டு இறங்கினதும் ஆரம்பித்துவிட்டார், பூசாரி, இரண்டு தெரு, எல்லார் முன்னாலும். "நாஞ் சொன்னனே கேட்டீங்களா? காப்பி குடிக்கிற ஒடம்புல..."

"நாங் குடிக்கலீங்கம்மா," என்றார் இவர்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"என்றா சொல்ற?"

"குடிக்கலீங்க. மணல்ல ஊத்திப்போட்டேன். குடிச்சது பொன்னுசாமி மட்டுந்தான்."

வண்டிக்குப் பின்னாலிருந்து கருப்பண்ணன் குரல். "ஆமாங்க, நாம் பாத்தனுங்க. அத்தனை காப்பியும் மண்ணுக்குள்ள போச்சுங்க. எனக்காச்சும் குடுத்திருக்கலாமுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஊர் பேசத் தொடங்கியது. அப்பொ குடிச்சவன் முன்னால வந்தான், குடிக்காதவன் பின்னால வந்தானா? பழகினவன் உட்டுப்போட்டு ஓடுனா அப்படித்தானுங்க. அந்தத் தூள் சேலத்துல எந்தக் கடையில கெடைக்கும்?

அடித் தண்ணீர் ஒரு கை பொன்னுசாமி அண்ணன் பெண்டாட்டிக்குப் போயிற்று. "ஐயோ, எனக்கு வேண்டாமுங்க, போதும்," என்று அலறினாள். குடிக்க வைத்துவிட்டார்கள்.

பங்குனி 11, புதன்

மாவிளக்கு. பொங்கல் வைத்தோம். வெயில், லேசான மேகம்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து துக்கம் விசாரிப்பதுபோல அத்தையிடம் விசாரித்தார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். இவர் வாசலில் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டிருந்தார். அத்தை சொன்னது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"காப்பியச் சொல்லிக் குத்தமில்லீங்க. அந்தப் புள்ளையச் சொல்லியும் குத்தமில்லை. காப்பி குடிச்சவன்தான் வலுவா வந்தான், பாத்தமல்ல. வலு கொறைஞ்சு போனது எம்பையங்கிட்டத்தான். அதுதான் எல்லாத்துக்கும் காரணமாட்ட இருக்குது."

எல்லாத்துக்கும்.

இவர் நிமிர்ந்து, "ஆமாங்கம்மா. என்றகிட்டத்தானுங்க கொறை," என்றார். பக்கத்து வீட்டு அக்கா எதிரில். எந்த ஆண்பிள்ளை சொல்வான்? அரிசித் தண்ணீரோடு அரிசியும் கொஞ்சம் கொட்டிவிட்டேன். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், நன்றாகவே அழுதேன்.

இனி வேறு இடத்தில் பெண் பார்க்க மாட்டார்கள். குறை பையனிடம் என்று ஊரறிந்த பிறகு யார் கொடுப்பார்கள்? அன்று சுவருக்கு அந்தப் பக்கம் இவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

அத்தை மத்தியானம் என் முகத்தைப் பார்க்காமல், "சட்டியக் கழுவி வெயில்ல வெச்சிருக்கேன், எடுத்து உள்ள வெய்யி," என்றார். பிறகு பூ வைத்துவிட்டார். பொன்னுசாமி அண்ணன் இரவெல்லாம் தூங்கவே இல்லையாம், விடிய விடிய வாய் ஓயவில்லையாம். அவர் பெண்டாட்டி வந்து முறையிட்டாள். அதையும் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

மாலையில் இவர் காலுக்கு விளக்கெண்ணெய் தடவும்போது கேட்டுவிட்டேன். "நெசத்தச் சொல்லுங்க. முடிஞ்ச வரைக்கும் ஓடுனீங்களா, வேணும்னே உட்டுக் குடுத்தீங்களா?"

"காலப் பாத்தயல்ல. மெதுவா ஓடுனவன் காலாட்டவா இருக்குது?"

பார்த்தேன். பாதம் முழுக்கக் கொப்புளம், ஒரு நகம் பெயர்ந்திருக்கிறது. ஆனால் ஜெயித்த வருஷங்களிலும் இப்படித்தான் இருந்தது.

"பொன்னுசாமி பறந்தான் புள்ள. அந்தக் காப்பி பொல்லாதது," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டோரம் சிரித்த மாதிரியும் இருந்தது, வலியில் இழுத்த மாதிரியும் இருந்தது.

அவர் சொல்வது நிஜமானால் எனக்கு விடை கிடைத்துவிட்டது. பொய்யானால் விடை இல்லை, ஆனால் இவர் முதல் மரியாதையை எனக்காகக் கீழே போட்டிருக்கிறார். எது என்று தெரியாமல் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவினேன். மறுபடி கேட்கவில்லை.